பாவாயி காட்டில் நான் போட்ட கோடு

தங்கச்சி சரசுவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தம்மம்பட்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு பஸ் ஆகாது. வெண்ணந்தூரில் ஏறினால் ராசிபுரம் வருவதற்குள் வாந்தி வந்துவிடும். ஜன்னலோரம் இடம் கேட்கவும் கூச்சம், அப்புறம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவும் கூச்சம். சைக்கிள் அப்படியில்லை. நூல் மில்லில் இருந்த காலமெல்லாம் ஷிப்டுக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். வயதாகிவிட்டது, ஆனாலும் கால் மறக்கவில்லை. சைக்கிளிலேயே கிளம்பினேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மகள் கவிதா, "லாரி ரோட்டுல போனீன்னா எனக்குத் தூக்கமே வராதும்மா" என்றாள். அவள்தான் எனக்கு அந்தப் போனைக் கொடுத்திருந்தாள். அவளுடைய பழைய போன். கம்பெனி வைத்த சாப்ட்வேரையெல்லாம் அதிலிருந்து வழித்துப் போட்டுவிட்டு வேறு ஒன்றை ஏற்றியிருந்தாள்.

"இதுக்குள்ள இருக்கறது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லம்மா. எழுதுனவங்களே எல்லாருக்கும் பொதுன்னு உட்டுட்டாங்க. மேப்பும் அப்படித்தான். அந்தந்த ஊர்க்காரங்களே வரையறது. நீ எங்க போற, வாரேன்னு ஒருத்தனும் பார்க்க மாட்டான்."

"என்னையப் பார்த்து அவன் என்ன பண்ணப் போறான்?" என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. யார் கண்ணிலும் படாமல் போய்வருவதென்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் நான் போன வழியெல்லாம் சிவப்பாகக் கோடு விழும். மேப் படத்தில் இல்லாத பாதை எங்காவது இருந்தால் நானே வரைந்து அனுப்பலாம், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சந்து ஒன்றை வரைந்து பழகினேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். நான் போட்ட கோட்டை அவள் பெங்களூரில் இருந்துகொண்டே பார்த்து, "வந்திருச்சும்மா" என்று சொன்னபோது, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்கவில்லை.

முதல் நாள் விடிந்ததும் புறப்பட்டேன். கேரியரில் மாற்றுச் சேலை, சரசுவுக்குப் பிடிக்கும் என்று ஆட்டையாம்பட்டி முறுக்கு. போனைப் பழைய சைக்கிள் டியூபை அறுத்து ஹேண்டில் பாரில் கட்டியிருந்தேன். அது தமிழில் வழி சொல்லும். "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போலச் சொல்லும். யாராவது ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு டீக்கடைப் பக்கம் இப்படிச் சொன்னதைக் கேட்டு பெஞ்சில் இருந்த ஒருவர், "ஏனுங்கம்மா, மாமனோட பேசிட்டுப் போறீங்களாட்டம் இருக்குது?" என்றார். பெஞ்சே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போனின் வாயைக் குறைத்துவைத்தேன்.

குறைத்ததன் பலன் உடனே கிடைத்தது. ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு நேரே ஒரு சேகோ பேக்டரிக் களத்துக்குள் போய்விட்டேன். களம் முழுக்க ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. "அம்மோவ், மேல ஏத்தாதீங்க, ஏத்தாதீங்க!" என்று பலகையும் கையுமாக இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். முன்சக்கரம் ஏறியே விட்டது. நான் இறங்கி, சக்கரத்தில் ஒட்டியதைக் கையால் துடைத்து அங்கேயே போடப் போனேன். "அட, அதை எதுக்குங்க திரும்பப் போடறீங்க, பாயசத்துல மண்ணாப் போயிரும்" என்று ஒருத்தி சிரித்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் போனின் வாயை நான் அடைக்கவில்லை.

சைக்கிளுக்கு என்று கேட்டால் அது பெரிய ரோட்டைத் தவிர்த்து இட்டேரிகளாகப் பார்த்துச் சொல்கிறது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகும் அளவுக்கு மண் தடம். அதுதான் இட்டேரி. கிளுவையும் கோவைக்கொடியுமாக நிழல் நன்றாக இருந்தது. லாரிச் சத்தம் எங்கோ தூரத்தில். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் வேக வைக்கும் வாசனை காற்றில் வந்தது. எங்கள் ஊரில் விடிந்தால் தறிச் சத்தம்தான். இங்கே காது சும்மா இருந்தது.

வெயில் ஏறியபோது ஒரு இட்டேரி திடீரென்று முடிந்துபோனது. எதிரே குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளி போட்ட நிலம், ஆள் உயரத்துக்கு. படத்திலும் கோடு அங்கே நின்றுவிட்டது. காட்டுக்கு அந்தப் பக்கம் ஊருக்குப் போகும் ரோடு இன்னொரு கோடாகத் தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. "திரும்பிச் செல்லவும்" என்றது போன். திரும்பினால் வந்த தூரமெல்லாம் போய் லாரி ரோட்டில் சுற்றிவர வேண்டும். அப்படியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். பேர் பாவாயி என்று அப்புறம் தெரிந்தது.

"ஏனுங்க அம்மிணி, எங்க போகோணும்?"

சொன்னேன்.

"இதுல தடம் இல்லைங்களே. இது எங்க காடு." என் முகத்தைப் பார்த்தாள். "வெய்யில்ல இத்தனை தூரம் வந்துட்டீங்க. இன்னைக்கு இப்படியே போயிருங்க. வாங்க, நானும் வாரேன்."

அவளே முன்னால் நடந்தாள். செடி ஒடியாமல் வரப்போரமாக நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கிணற்றடியில் நிறுத்தி, சொம்பு நிறைய மோர் கொடுத்தாள். கறிவேப்பிலையும் உப்பும் போட்ட மோர். வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, இந்தக் காடு ஒன்றுதான் இருக்கிறது, மகனும் மருமகளும் கூட இருக்கிறார்கள் என்றாள். நான் சொம்பைக் கழுவிக் கொடுத்தேன். "அட, வையுங்க அதை" என்று பிடுங்கிக்கொண்டாள். அந்த நடையெல்லாம் போன் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

காட்டைத் தாண்டிய ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து படத்தைத் திறந்தேன். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் என் சிவப்பு. சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஜாக்கெட்டில் விட்டுப்போன தையலைப் போடுவது போல இரண்டையும் சேர்த்துப் 'பாதை' என்று வைத்து அனுப்பிவிட்டேன். பாவாயி சொன்ன "இன்னைக்கு" என்ற சொல் என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. கோட்டைச் சேர்க்கும் ஆசையில் அதைத் தள்ளிவைத்துவிட்டேன்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். கடைக்காரர் அவரைச் செங்கோடண்ணா என்று கூப்பிட்டார்.

"அம்மா எந்தப் பக்கமா வந்தீங்க?"

"அந்தக் கிழங்குக் காட்டு வழியாங்க."

"அதுல தடம் இருக்குதுங்களா?"

என்னிடம் ஆண்கள் யாரும் இப்படி மரியாதையாகச் சந்தேகம் கேட்டதில்லை. "இருக்குதுங்க. பாருங்க, படத்துலயே வந்திருச்சு" என்று போனைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் தன் போனை எடுத்து, "அப்படியே புடிங்கம்மா" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீக்கு என்னிடம் காசு வாங்கக் கடைக்காரரையும் விடவில்லை அவர்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தம்மம்பட்டி போய்ச் சேர்ந்தேன். அங்கே பேச்சே வேறு மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண், "எங்கேருந்து வரீங்க?" என்று வெடுக்கென்று கேட்டாள். கோபமோ என்று பயந்தேன், இல்லை, அப்படித்தான் பேசுகிறார்கள். சுற்றிலும் பாக்குத் தோப்பு, மலைக்காற்று. ராத்திரிச் சாப்பாடு ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் வீட்டில் களிக்குக் கொள்ளு கடைந்துதான் ஊற்றுவோம். சரசுவின் மருமகள் கை தாராளம், இன்னொரு உருண்டை வைத்தாள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு மூச்சு விட முடியாமல் கிடந்தேன்.

மறுநாள் முழுக்க அங்கேதான். சரசு கறுப்புக் கண்ணாடியோடு முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள், "எங்கே, நீ வரைஞ்சதைக் காட்டு."

"கண்ணுக்கு ஆகாதுடி."

"ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்குது." கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "இவ்வளவுதானா? பூரான் ஊர்ந்த மாதிரி இருக்குது." ஆனால் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எங்க அக்கா ஒரு ஊருக்கே ரோடு போட்டுட்டு வந்திருக்கா" என்று சொன்னாள். நான் உள்ளே உட்கார்ந்து, வேண்டாம் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பினேன். இப்போது போன் என் கோட்டின் வழியாகவே போகச் சொன்னது. பாவாயிக்கு என்று சரசு கொடுத்த வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கேரியரில் வைத்திருந்தேன். அந்த ஊர் டீக்கடையில் ஆள் இல்லை. கிழங்குக் காட்டுப் பக்கம் ஒரு ஜேசிபி நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம்.

வரப்பில் ஒரு பக்கம் வெட்டி இறக்கியிருந்தது. செடிகள் கொஞ்சம் சாய்ந்து, கிழங்கு பால் வடியக் கிடந்தது. பாவாயி ஜேசிபியின் வாய்க்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். செங்கோடன் கையில் போன்.

"அந்தப் பக்கம் இருக்கற என்ற காட்டுல தண்ணிக்குப் போர் போட ரிக்கு வண்டி வரோணும். இத்தனை வருசமாத் தடம் இல்லை, தடம் இல்லைன்னீங்க. இப்ப பாருங்க, உலகமே பார்க்கற படத்துல இருக்குது. இல்லைன்னு சொன்னா ஆச்சா?"

"எந்தப் படத்துல இருந்தா எனக்கென்னுங்க?" என்றாள் பாவாயி. "என்ற ஊட்டுக்காரர் இருந்த வரைக்கும் இல்லாத தடம், அவரு போனதுக்கப்பறம் எங்கிருந்து மொளைச்சுது?"

எங்கள் பக்கம் தடம் என்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? ஒரு முழத் தடத்துக்காக அண்ணன் தம்பி சாவுக்குக்கூடப் போகாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு நடந்து போக விடுவது வேறு, எப்போதைக்குமான வழியாகத் தடம் விடுவது வேறு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததை நான் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் மறந்திருந்தேன். சைக்கிளைத் திருப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"நேராகச் செல்லவும்" என்றது போன்.

எல்லாரும் திரும்பினார்கள். "கேட்டுக்கிட்டீங்களா? மிசினே சொல்லுது!" என்றார் செங்கோடன்.

பாவாயி என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். "நீங்களா அம்மிணி?" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நாந்தானுங்க போட்டேன்" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா, கேக்கலை" என்றார் ஒரு பெரியவர்.

"அந்தக் கோட்டை நாந்தானுங்க போட்டேன். தடம் இல்லைங்க."

செங்கோடன் சிரித்தார். "ஏம்மா, மேல சேட்டிலைட் சுத்திச் சுத்தி எடுக்கற படம் அது. நீங்க வாசல்ல கோலம் போடற மாதிரி போட்டுருவீங்களாக்கும்?"

கூட்டமும் சிரித்தது. நம்பவில்லை. என்னைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? எனக்கு வேறு வழி தெரியவில்லை. "உங்க ஊடு எதுங்க?" என்று கேட்டேன். நீலத் தண்ணித் தொட்டி தெரிந்த மாடி வீட்டைக் காட்டினார். படத்தில் அதைத் தேடிப் பிடித்தேன். ரோட்டிலிருந்து ஆரம்பித்து, அவர் வாசல் வழியாக, கிணற்றை ஒட்டி, கட்டுத்தரையில் மாடு கட்டும் இடத்தைத் தாண்டிப் பின்பக்கம் வரைக்கும் ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்தது. 'பாதை' என்று வைத்துப் பெரியவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட செங்கோடா, உன்ற கட்டுத்தரை வழியாத் தடம் போகுதப்பா! நாளையில இருந்து டவுன் பஸ்ஸை இப்படியே உட்டறலாம். மாடும் டிக்கெட் எடுத்துட்டு ஏறிக்கும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. செங்கோடன் முகம் சுண்டிப்போனது. நான் சிரிக்கவில்லை. ஊரார் நடுவில் ஒரு ஆளைத் தலைகுனிய வைத்துவிட்டேன், அதுவும் என் தப்பை மறைக்க அல்ல, என் தப்பைக் காட்டுவதற்கு. அந்தக் கோட்டை அனுப்பாமலே அழித்தேன். பிறகு பாவாயி காட்டில் போட்டிருந்த கோட்டை அழித்து, அழித்ததை அனுப்பினேன். டவர் சரியாகக் கிடைக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டமே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

"அழிச்சா அழிச்சுக்குங்க" என்றார் செங்கோடன். "தடம் இருக்குதுன்னு அன்னைக்கு நீங்களே சொன்னீங்க. போட்டோ எங்கிட்ட இருக்குது."

நீட்டிக் காட்டினார். படம் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். என் கல்யாணப் போட்டோவில்கூட நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதில் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றுப் பக்கம் நின்ற பாவாயியின் மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்ப இவங்க இப்ப சொல்றதையும் புடிச்சு வெச்சுக்கலாமுங்களே" என்று தன் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

ஓடிவிடலாம் போலிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். "முந்தானையை எடுங்கம்மா, பேச்சுக் கேக்காது" என்றாள். எடுத்தேன்.

"என்ற பேரு பழனியம்மாளுங்க. ஊரு வெண்ணந்தூர். இந்தக் காட்டுல தடம் இல்லைங்க. வெய்யிலுக்கு எரக்கப்பட்டு அன்னைக்கு ஒரு நாள் உட்டாங்க. அதைத் தடம்னு நாந்தான் தப்பாப் போட்டேன். எப்பக் கூப்பிட்டாலும், யாரு கேட்டாலும், வந்து சொல்றேனுங்க."

காற்றடித்ததால் சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் தடவை சொல்லும்போது அழுகை வந்து மூக்கு ஒழுகிவிட்டது. அதைத்தான் வைத்துக்கொண்டார்கள். அங்கேயே நாலைந்து போனுக்கு அது போய்விட்டது.

ஜேசிபிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்கண்ணா, வேலை இருக்குதுங்களா, இல்லைங்களா?"

செங்கோடன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "எடுத்துட்டுப் போ. பொறவு பார்க்கலாம்" என்றார். பொறவு என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தது. நான் உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த செடிகளை நிமிர்த்தி மண் அணைக்கப் பார்த்தேன். "உடுங்க, அது இனிப் புடிக்காது" என்றாள் பாவாயி. வாழைச் சீப்பை நீட்டினேன். மருமகள்தான் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு வெண்ணந்தூர் போக வேண்டும். காட்டுக்கு அந்தப் பக்கம் இட்டேரி தெரிந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"இப்படியே போயிருங்க" என்றாள் பாவாயி. வெட்டிய வரப்பில் மண்ணைத் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லைங்க" என்றேன். சைக்கிளைத் திருப்பி, லாரி ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.